சென்னை–புவனேஸ்வர் ரயிலில் சிலிக்கா ஏரி: எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

டிசம்பர் கடைசி வாரத்தில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து புவனேஸ்வருக்கு ரயிலில் போகிறீர்கள். வழியில் சிலிக்கா ஏரிக்கரையை ஒட்டி ரயில் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் சீட் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், ரயில் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்காதீர்கள். ஏரி உங்கள் கண்ணில் படுமா என்பதை முதலில் முடிவு செய்வது நேரம். பக்கம் அதற்குப் பிறகுதான். அந்தப் பக்கத்திலும் விசாகப்பட்டினத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் ஏரி எங்கே வருகிறது என்று பார்ப்போம். சென்னை–ஹவுரா பாதையில் ஒடிசாவுக்குள் நுழைந்து பிரம்மபூர் தாண்டியதும் சத்ரபூர், கஞ்சாம், ஹும்மா, ரம்பா, கல்லிகோட், சிலிகா, பாலுகாவ், காலுபாடா காட் என்று நிலையங்கள் வரும். அதன் பிறகு குர்தா ரோடு, புவனேஸ்வர். இதில் ரம்பாவிலிருந்து பாலுகாவ் வரையிலான சுமார் 35 கிலோமீட்டர்தான் நீங்கள் விழித்திருக்க வேண்டிய இடம். விரைவு ரயில் இதை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கடந்துவிடும். அந்த அரை மணி முழுவதும் தண்ணீர் ஜன்னலை ஒட்டியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏரி வரும், மரமும் ஊரும் மறைக்கும், ஒரு குன்று குறுக்கே வரும், மறுபடி ஏரி விரியும். அப்படி விட்டுவிட்டு வருவதே இந்தப் பாதையின் அழகு. இடப்பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் தண்டவாளத்தை நெருங்கி நிற்கும், வலப்பக்கம் தண்ணீர். நடுவில் இருக்கும் ஒடுக்கமான நிலத்தில் ரயிலும் நெடுஞ்சாலையும் நெருக்கியடித்துக்கொண்டு போகும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து பிரம்மபூர் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேகமான ரயில்களுக்கு 16 மணி நேரமும் மற்றவற்றுக்கு 18, 19 மணி நேரமும் ஆகும். கணக்கைப் போட்டால் விஷயம் புரிந்துவிடும்: சென்னையில் காலையில் கிளம்பும் ரயில் சிலிக்காவை நள்ளிரவில் கடக்கும், மாலையிலோ இரவிலோ கிளம்புவது மறுநாள் பகலில் கடக்கும். காலையில் புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வேகமான, நல்ல ரயில்தான். ஆனால் ஏரியைப் பார்ப்பதற்கு அது உதவாது. நடுராத்திரியில் கரிய இருட்டு மட்டும்தான் தெரியும். மாலையில் கிளம்பும் ஹவுரா மெயில்தான் உங்களுக்குப் பொருத்தமானது. அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால் ரயிலின் பெயரை நம்பாமல், முன்பதிவு செய்யும் அன்று அந்த ரயில் பிரம்மபூரிலிருந்து கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். அதிலிருந்து சுமார் அரை மணியில் ரம்பா, ஒரு மணியில் பாலுகாவ். இந்த ஒரு மணி நேரம் வெளிச்சத்துக்குள் விழ வேண்டும்.

வெளிச்சம் என்பதையும் சென்னைக் கணக்கில் பார்க்காதீர்கள். புவனேஸ்வர் சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஐந்தரை பாகையும், வடக்கே 7 பாகையும் தள்ளி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் மாலை 5.15க்கே மறைந்துவிடும், சென்னையைவிட அரை மணி நேரம் முன்னதாக. நாலரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வரும் ரயில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாவதும் சகஜம். அதனால் அட்டவணையில் பாலுகாவ் மாலை நாலு மணி என்று போட்டிருக்கும் ரயில் டிசம்பரில் சூதாட்டம் மாதிரி. நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையில் கடக்கும் ரயில் என்றால் கொஞ்சம் தாமதமானாலும் தப்பிக்கலாம். சொல்லப்போனால் சிறிய தாமதம் நல்லதுதான். இந்த இடத்தில் பாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகிறது, ஏரி தென்கிழக்கே கிடக்கிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகச் சாய்ந்து வருவதால் நண்பகல் வரை வெயில் தண்ணீரில் பட்டு நேரே கண்ணைக் கூசவைக்கும். பிற்பகல் இரண்டரைக்கு மேல்தான் சூரியன் ரயிலின் முதுகுப்பக்கம் போகும். அப்போது தண்ணீரின் நிறமும், தீவுகளின் பச்சையும், படகுகளும் துல்லியமாகத் தெரியும்.

அடுத்தது விசாகப்பட்டினச் சிக்கல். சென்னையிலிருந்து வரும் ரயில் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போனால், வந்த வழியிலேயே திரும்பி வெளியே வந்துதான் ஹவுரா பாதையைப் பிடிக்க வேண்டும். அதற்காக எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள்; அதனால்தான் அங்கே ரயில் அவ்வளவு நேரம் நிற்கிறது. உங்கள் பெட்டியும் சீட்டும் அப்படியேதான் இருக்கும், போகும் திசை மட்டும் தலைகீழாகிவிடும். அதுவரை வலப்பக்கம் இருந்த ஜன்னல் இடப்பக்கம் ஆகிவிடும். ஆகவே விசாகப்பட்டினத்துக்குள் போகும் ரயிலில், சென்னையில் கிளம்பும்போது இடது பக்கம் இருக்கும் ஜன்னல்தான் சிலிக்காவில் ஏரிப் பக்கம் வரும். சில ரயில்கள் விசாகப்பட்டினத்துக்கு முந்தைய துவ்வாடாவில் நின்றுவிட்டு, விசாகப்பட்டினத்தைத் தொடாமல் சிம்மாசலம் வடக்கு வழியாக நேரே போய்விடும். அவற்றில் திசை மாறாது, முதலிலிருந்தே வலப்பக்கம்தான். உங்கள் ரயில் எந்த வகை என்று அறிய நிறுத்தங்களின் பட்டியலில் விசாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். குழப்பமாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: விசாகப்பட்டினம் தாண்டிய பிறகு கடல் எந்தப் பக்கமோ ஏரியும் அந்தப் பக்கம். போனில் வரைபடத்தைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பக்கம் தெரிந்துவிட்டது, அதைக் கேட்டு வாங்க முடியுமா என்றால், முடியாது. முன்பதிவில் லோயர், மிடில், அப்பர், சைடு லோயர் என்று விருப்பம் சொல்லலாமே தவிர, கிழக்கு ஜன்னல் மேற்கு ஜன்னல் என்று சொல்ல வழியில்லை. ஒரு பெட்டியில் ஆறு பெர்த் கொண்ட பகுதி ஒரு பக்கமும், சைடு பெர்த்துகள் நடைபாதைக்கு அப்பால் மறுபக்கமும் இருக்கும். அந்தப் பெட்டி எந்த முகமாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பது நடைமேடைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆகவே இதில் உறுதி என்று எதுவும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்வது ஒன்றே வழி. மூன்று பேர் போகிறீர்கள். அப்பா அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் லோயர் பெர்த் கேளுங்கள், உங்களுக்கு சைடு லோயர் கேளுங்கள். கிடைத்துவிட்டால் பெட்டி எப்படி இணைக்கப்பட்டிருந்தாலும் உங்களில் ஒருவருக்கு ஏரிப் பக்க ஜன்னல் இருக்கும். அந்த அரை மணிக்கு மற்றவர்கள் அங்கே நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம். ஒதுக்கீட்டுக்கு விதிகள் உண்டு. மூத்தவர்கள் இருவரையும் உங்களோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் போட்டால் அது பொருந்தாமல் போகலாம். அப்படியானால் அவர்களுக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் எடுப்பது மேல். மிடில் பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரிக்கலாம் என்பது விதி. பகலில் கீழே மூன்று பேரும் உட்காரலாம். ஏரி பிற்பகலில் வருவதால் இதில் தகராறு வராது.

ஏசியா, ஸ்லீப்பரா? வயதானவர்களுடன் இவ்வளவு நேரம் போவதற்கு ஏசிதான் என்றால் தயங்காமல் ஏசியிலேயே போங்கள்; ஏரிக்காக அதை விட வேண்டியதில்லை. ஆனால் ஏசி ஜன்னல் திறக்காது, கண்ணாடியில் லேசான சாயம் உண்டு, வெளிப்பக்கம் பெரும்பாலும் தூசி படிந்திருக்கும். விசாகப்பட்டினத்தில் ரயில் நிற்கும் நேரத்தில் நடைமேடையில் இறங்கி, ஈரத்துணியால் உங்கள் ஜன்னலை வெளியிலிருந்து துடைத்துவிட்டால் காட்சி தெளிவாகும். இது நடைமேடைப் பக்கம் இருக்கும் ஜன்னலுக்கு மட்டும்தான். மறுபக்கத் தண்டவாளத்தில் இறங்கித் துடைக்கும் வேலையே வேண்டாம். ஸ்லீப்பரில் காற்றும் உப்பு வாடையும் முகத்தில் அடிக்கும், படத்துக்குக் கண்ணாடி குறுக்கே வராது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் போனை வைத்து எடுக்கலாம். போனை இறுக்கிப் பிடியுங்கள், கையை வெளியே நீட்டாதீர்கள்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரட்டைப் பாதையில் நம் ரயில்கள் வழக்கமாக இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. வடக்கே போகும்போது உங்கள் ரயில் மலைப்பக்கத் தண்டவாளத்தில் இருக்கும். உங்களுக்கும் ஏரிக்கும் நடுவில் எதிர்த்திசைத் தண்டவாளம் இருக்கும். நல்ல இடத்தில் எதிரே ஒரு நீளமான சரக்கு ரயில் வந்தால் அரை நிமிடம் வேகன்கள் மட்டும்தான் தெரியும். தெற்கே திரும்பி வரும்போது நிலைமை நேர்மாறு: ஏரி இடப்பக்கம், உங்கள் தண்டவாளமும் ஏரிப் பக்கம், நடுவில் எதுவும் இல்லை. அதனால் காட்சிக்காக மட்டும் என்று கேட்டால் புவனேஸ்வரிலிருந்து தெற்கே பிற்பகலில் வரும் ரயில்தான் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. எப்போதாவது பராமரிப்பு வேலைக்காகத் தண்டவாளம் மாற்றி விடுவதும் உண்டு. புதிதாக மூன்றாவது பாதை போடும் இடங்களில் இந்தக் கணக்கு மாறலாம்.

ஏரி வருவதை எப்படி அடையாளம் காண்பது? பிரம்மபூர் தாண்டியதும் போனை எடுத்து வைத்துவிட்டு வெளியே பாருங்கள். ருஷிகுல்யா ஆற்றுப் பாலத்தில் ரயிலின் ஓசை மாறும். பிறகு ஹும்மா பக்கத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் வரும். தூத்துக்குடி, மரக்காணம் பக்கம் பார்த்திருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இதையே ஏரி என்று எண்ணிப் படமெடுத்துவிட்டு, ஏரி வரும்போது டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உப்பளம் முன்னறிவிப்பு, ஏரி அதற்கு அடுத்து. ரம்பா வந்துவிட்டால் இனி கண்ணை எடுக்காதீர்கள்.

ரம்பா, கல்லிகோட் பக்கம்தான் நான் முதலிடம் கொடுப்பேன். சிலிக்கா கடலோர உவர்நீர் ஏரி, நம் பழவேற்காடு போல. நாட்டிலேயே பெரியது இதுதான், பழவேற்காடு இரண்டாவது. மழைக்காலத்தில் சுமார் 1,165 சதுர கிலோமீட்டர் பரவி, கோடையில் 900 சொச்சமாகச் சுருங்கும். இவ்வளவு பரப்பு இருந்தும் ஆழம் மிகக் குறைவு. பெரும்பகுதியில் ஓரிரு மீட்டர்தான். தயா, பார்கவி முதலான மகாநதியின் கிளையாறுகள் வடக்குப் பகுதியில் நன்னீரையும் வண்டலையும் கொட்டுவதால் அங்கே கோரையும் நாணலும் மண்டிக் கிடக்கும். காலுபாடா காட் பக்கத்தில் ஏரி, ஏரி மாதிரி இல்லாமல் புல்வெளி மாதிரி தெரிவது இதனால்தான். தெற்குப் பகுதியில் பெரிய ஆறுகள் கலப்பதில்லை. அதனால் தண்ணீர் தெளிவாக இருக்கும், பாறைத் தீவுகள் நீரிலிருந்து எழுந்து நிற்கும், பின்னால் மலை. ரம்பா வளைகுடாவில் பார்குடா தீவு இருக்கிறது. அதன் பெயரையே தாங்கிய, கால்களே இல்லாத ஓர் அரணை வகையை 1917இல் அங்கேதான் கண்டறிந்து விவரித்தார்கள். இந்தக் கஞ்சாம் பகுதி 1936 ஏப்ரல் 1 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். பழைய மாவட்டப் பட்டியல்களில் அவர் அந்தப் பெயரைப் பார்த்திருக்கக்கூடும்.

ரயிலிலிருந்து எது தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். சிலிக்கா என்றதும் எல்லோரும் சொல்லும் இராவதி டால்பின்கள் ஏரியின் மறுகோடியில், கடலோடு சேரும் கால்வாயில், சாதபடா பக்கம் இருக்கின்றன. ரயிலிலிருந்து பார்க்கவே முடியாது. அதற்குப் பூரியிலிருந்து சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். நளபணா பறவைகள் சரணாலயத் தீவும் ஏரியின் உள்ளே தள்ளி இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வலசைப் பறவைகள் லட்சக்கணக்கில் வந்திருக்கும். ஆனால் ஓடும் ரயிலிலிருந்து கரையோரக் கொக்கு, நாரை, வாத்துக் கூட்டங்கள் தெரிவதே அதிகம். பூநாரையைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள். தண்ணீரில் வரிசை வரிசையாக நட்ட கழிகளும் வலைகளும் தெரியும். அவை இறால், மீன் பிடிப்பதற்கான அடைப்புகள். ஏரியின் நீரோட்டத்தை இவை கெடுக்கின்றன என்ற புகார் பழையது. சிலிக்காவிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படம் எடுக்கும் ஆசை இருந்தால் சில எண்களை மனதில் வையுங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 30 மீட்டர். மின்கம்பங்கள் அதிகபட்சம் 72 மீட்டர் இடைவெளியில் நிற்பதால், இரண்டரை நொடிக்கு ஒரு கம்பமாவது குறுக்கே வரும். நிதானித்துப் பார்த்து ஒரு படம் எடுப்பது நடக்காது. தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்வதுதான் வழி. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடி இருந்தால் அந்த நேரத்தில் ரயில் 3 சென்டிமீட்டர்தான் நகரும். தூரத்துத் தீவும் படகும் கூர்மையாக வந்துவிடும், பக்கத்துப் புதர்தான் கலங்கும். ஏசியில் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். போலரைசர் ஃபில்டர் போட்டால் கண்ணாடியில் வானவில் திட்டுகள் தெரியலாம்; அதைக் கழற்றிவிடுவது நல்லது. வாசற்படியில் நின்று எடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். படியில் பயணம் செய்வது ரயில்வே சட்டம் 156ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது என்பது ஒருபுறமிருக்க, பாலமும் கம்பமும் கைக்கெட்டும் தூரத்தில் போகும் பாதை இது.

வானிலையில் உறுதி சொல்ல ஏதுமில்லை. டிசம்பரில் காலை மூடுபனி ஏரியை முழுதாக மறைத்துவிடக்கூடும். பெரும்பாலும் பத்து மணிக்குள் விலகிவிடும், விலகாத நாளும் உண்டு. உங்கள் ரயில் பிற்பகலில் கடப்பதால் ஆபத்து குறைவு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: ஏரி நிரம்பித் ததும்புவது மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில். ஆனால் அக்டோபர் புயல் மாதமும்கூட. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் இதே கரையில், கோபால்பூர் அருகே கரையேறியது. அந்த மாதத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கமும் தூசிப்படலமும் சேர்ந்து எதிர்க்கரையை அழித்துவிடும்.

அரை மணி போதவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பிரம்மபூரில் இறங்கிவிட்டு, குர்தா ரோடு பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறுங்கள். எல்லா நிலையத்திலும் நின்று நிதானமாகப் போகும். முன்பதிவு கிடையாது, எந்த ஜன்னல் காலியோ அதில் உட்காரலாம். ரம்பா, கல்லிகோட், சிலிகா போன்ற சிறிய நிலையங்களில் பெரும்பாலான விரைவு ரயில்கள் நிற்காது, பாசஞ்சர் நிற்கும். சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு இரவு தங்கிப் படகில் போக நினைத்தால், பாலுகாவில் இறங்கி ஆறேழு கிலோமீட்டரில் இருக்கும் பார்குலுக்குப் போகலாம். ஒடிசா சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி அங்கே இருக்கிறது, காளிஜாய் தீவுக்குப் படகும் கிடைக்கும். அப்பா அம்மாவுக்கு ஏறி இறங்க அலைச்சல் கூடாது என்றால் ரம்பாவை விட இதுவே வசதி, ஏனென்றால் பாலுகாவில் சில விரைவு ரயில்களும் நிற்கின்றன.

திரும்பி வரும் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோரமண்டல் புவனேஸ்வருக்கே இரவில்தான் வரும், அதை விட்டுவிடுங்கள். காலையில் வரும் சென்னை மெயிலில் ஏறினால், பனி இல்லாத நாளில், எதிர்வெயிலில் ஏரி முழுவதும் வெள்ளித் தகடாக மின்ன, மீன்பிடி படகுகள் கறுப்புக் கீற்றுகளாகத் தெரியும். நிறம் இருக்காது, ஆனால் நடுவில் தண்டவாளமும் இருக்காது. போகும்போது பிற்பகலில் பார்த்த அதே தண்ணீர்தானா இது என்று தோன்றும். இந்த முறை போகும் திசைக்கு இடப்பக்கம் உட்காருங்கள். விசாகப்பட்டினத்தில் திசை மாறுவதற்கு முன்பே ஏரி வந்துவிடுவதால் குழப்பம் இல்லை.